இடிக்கும் முன் இரண்டு அந்தி

சென்ற மாதப் பகுதியில், ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் ஓட்டுக் கூரைக்குள் வௌவால்கள் தங்குவதைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே. புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பினாங்கில் 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தந்தை ஓடு மாற்றும் தச்சர். அவருடைய ஏணியடியில் நின்று ஓடு வாங்கி அடுக்கிய வயதிலிருந்தே, கூரைக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இப்போது, இடிக்கவோ புதுப்பிக்கவோ போகும் கட்டடங்களின் உரிமையாளர்கள் அழைத்தால் போய் வௌவால் கணக்கெடுத்துத் தருகிறேன். கட்டணம் கிடையாது, மாலைத் தேநீர் போதும்.

கேள்வி: டீச்சர், ஜெலுத்தோங்கில் என் தாத்தா வாங்கிய இரண்டு மாடிக் கடைவீடு எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. கூரையும் பின்கட்டும் இற்றுப்போய்விட்டன. இன்னும் இரண்டு மாதத்தில் இடித்துக் கட்டப் போகிறோம். மாலையில் ஓட்டு இடுக்கிலிருந்து வௌவால்கள் வரிசையாகப் பறந்து போகின்றன. இடிப்பு வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளர், "இடிப்பதற்கு முதல் நாள் புகை போட்டு விரட்டி ஓட்டையை அடைத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா, செய்யவே வேண்டாம். புகை போட்டால் பறக்கத் தெரிந்தவை பறந்துவிடும். பறக்கத் தெரியாதவை எங்கே போகும்? சற்று வளர்ந்த குட்டியைத் தாய் வௌவால் ஓட்டுக்கடியில் விட்டுவிட்டுத்தான் இரை தேடப் போகிறது. நீங்கள் ஓட்டையை அடைக்கும்போது தாய் வெளியே, குட்டி உள்ளே.

2014இல் நகரத்துச் சந்து ஒன்றில் பழைய கடைவீட்டின் கூரையை இயந்திரக் கையால் பட்டப்பகலில் ஒரே இழுப்பாக இழுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "எலிக்குஞ்சு போல ஏதோ கிடந்து துடிக்கிறது" என்றார். போனேன். கடைவீட்டின் முன்னால் கூரை மூடிய நடைபாதையான அஞ்சடியில், உடைந்த ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே பதினொரு குட்டிகள். ஒன்றைத் துண்டால் எடுத்தேன். பலாக்கொட்டை அளவுதான் இருக்கும். உடம்பில் முடி முளைக்கவில்லை. காது இன்னும் மடிந்தே இருந்தது. கட்டைவிரல் நகத்தைத் துண்டின் நூலில் மாட்டிக்கொண்டு விட மறுத்தது. தாயின் வயிற்று முடியைப் பற்ற வேண்டிய நகம் அது. இருட்டியபின் தாய்கள் திரும்பி வந்து, கூரை இருந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. உயிர் இருந்த குட்டிகளை ஒரு கூடையில் வைத்து உயரத்தில் கட்டினோம். ஒன்றைத் தாய் வந்து எடுத்துப் போனது. மற்றவை விடிவதற்குள் அடங்கிவிட்டன. அந்தத் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் இரண்டு மாதம் இருக்கிறது. அது தாராளம். முதலில் பகலில் வீட்டை வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். கூரை முகட்டு ஓடு, சுவரும் உத்தரமும் சேரும் மூலை, சுண்ணாம்பு பெயர்ந்த இடுக்கு, மரச் சன்னலின் மடிப்பு ஆகியவற்றில் கண் நிற்கட்டும். ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும், சின்ன வௌவால் நுழைந்துவிடும். அது நுழையும் இடத்தில், கை பட்டுப் பட்டு மெருகேறிய கதவு போல, எண்ணெய்ப் பழுப்புக் கறை படிந்திருக்கும். அதன் கீழே சுவரில் புழுக்கை ஒட்டியிருக்கும். பிறகு உள்ளே போய் மேல்மாடித் தரையையும் உத்தரங்களின் மேற்புறத்தையும் பாருங்கள். முகமூடியும் கையுறையும் கட்டாயம். எச்சத் தூளைப் பெருக்கிக் கிளப்பாதீர்கள்.

அடுத்தது, இரண்டு அந்தி. நம் ஊரில் சூரியன் மறைவது நவம்பரில் ஏழு மணி வாக்கில், ஜூலையில் ஏழே முக்காலை ஒட்டி. மறைவதற்குக் கால் மணி முன்பே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர். கடைவீட்டில் நடுவே ஆகாயம் பார்த்த முற்றம் இருந்தால் அங்கே மூன்றாமவர். ஒவ்வொருவர் கையிலும் தாளும் பென்சிலும். எந்த இடுக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை வெளியே வந்தன, எத்தனை திரும்ப உள்ளே போயின என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். முழுதாக இருட்டி, வெளியேறுவது நின்று, அதற்கப்புறமும் அரை மணி இருங்கள். அந்த அரை மணியில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கூட்டம் போனபிறகும் கூரைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டால், இரவு நடுவில் வௌவால்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உள்ளே நுழைந்தால், அங்கே குட்டி இருக்கிறது. பால் கொடுக்கத்தான் அவை வருகின்றன. ஒரு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு அந்தி பாருங்கள். முதல் நாள் மழை பெய்திருக்கலாம், காற்று அடித்திருக்கலாம். ஒரே ஒரு மாலையை நம்பி இடிப்பவரை நான் நம்புவதில்லை.

குட்டி இருந்தால் காத்திருங்கள். ஓட்டுக்கடியில் தங்கும் சின்ன வௌவாலின் குட்டி தானாகப் பறக்க ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் பின்கட்டுச் சுவரையோ தரையையோ தொடங்கிவிடலாமே. கூரை கடைசியில் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

குட்டி இல்லை என்று உறுதியானபின், ஒவ்வொரு வாசல் இடுக்கின் மேலும் மெல்லிய கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிடுங்கள். மேல் ஓரமும் பக்கங்களும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். அடி ஓரம் ஓட்டைக்கு அரை மீட்டர் கீழே வரை இறங்கி, திறந்து கிடக்க வேண்டும். வௌவால் சுவரோடு ஊர்ந்து இறங்கி வெளியே போய்விடும். திரும்பி வரும்போது ஓட்டை இருந்த இடத்துக்கே நேராக வந்து முட்டுமே தவிர, வலையின் அடியிலிருந்து ஏறி நுழையத் தெரியாது. ஐந்து முதல் ஏழு இரவு வரை விடுங்கள். அதன்பின் இன்னொரு அந்தி பார்த்து, எண்ணிக்கை சுழியம் என்றால் ஓடு கழற்றலாம். அதையும் கையால், ஒவ்வொன்றாக, இழுக்காமல் தூக்கி எடுக்கச் சொல்லுங்கள். என் தந்தை ஓட்டைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கீழே தருவார்.

கேள்வி: எங்கள் மாடியில் இரவில் சலசலப்பு கேட்கிறது. எலியா, வௌவாலா, வாலிட் குருவியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: புழுக்கை ஒன்றை ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து, கையுறை போட்ட விரலால் அழுத்துங்கள் அம்மா. எலிப் புழுக்கை காய்ந்தால் கல், அழுத்தினால் நசுங்காது. பூச்சி தின்னும் வௌவாலின் புழுக்கை பார்வைக்கு அதேபோல இருந்தாலும் தொட்டதும் பொடியாகும். அந்தப் பொடியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மினுமினுக்கும். வண்டின் ஓடும் விட்டிலின் இறகும் செரிக்காமல் வந்த மினுமினுப்பு அது. மாணவர்களுக்கு நான் காட்டிய பாடங்களிலேயே அவர்கள் மறக்காத பாடம் இதுதான்.

வாலிட் எனப்படும் உழவாரக் குருவிக்கு நேரமே போதும். அது அந்தியில் வீட்டுக்குள் வரும், விடியலில் வெளியே போகும். வௌவால் அதற்கு நேர்மாறு. ஜார்ஜ்டவுனில் சில பழைய கட்டடங்களுக்கு எதிரே ஏழரை மணிக்கு நின்றால், ஒரே சன்னலில் ஒரு கூட்டம் உள்ளே போக, இன்னொரு கூட்டம் வெளியே வருவதைக் காணலாம். இரவுக் காவலும் பகல் காவலும் ஆள் மாறுவது போல. குருவி இருளில் வழி பார்க்க 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும், அது நம் காதுக்குக் கேட்கும். வௌவாலின் வழிபார்க்கும் ஒலி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே; நமக்குக் கேட்காது. அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அந்த ஒலியைக் கீழே இறக்கிப் பட் பட்டென்று கேட்கச் செய்யும். கருவி இல்லாவிட்டாலும் கண்ணும் பென்சிலும் வைத்தே நல்ல கணக்கெடுக்கலாம்.

பழம் தின்னும் சின்ன வௌவால் வேறு வகை. நாய்முகம் போன்ற முகம் உடையது. அஞ்சடிக் கூரையின் அடியில், பனை ஓலையின் கீழ் என்று திறந்த இடங்களில் தொங்கும். அதன் கீழே தரையில் மென்று துப்பிய நார் உருண்டைகளும் பழ விதைகளும் கிடக்கும். சுவரில் சாறு தெறித்திருக்கும். அதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

கேள்வி: எங்கள் கோயில் திருப்பணி நடக்க இருக்கிறது. பழைய கோபுரத்தின் உட்கூட்டிலும் மண்டபச் சுவரிலும் வௌவால்கள் நிறைய உண்டு. துர்நாற்றம் என்று பக்தர்கள் குறைப்படுகிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நிர்வாகத்தில் சிலர் மருந்தடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?
— புக்கிட் மெர்தாஜாம் கோயில் நிர்வாக உறுப்பினர்

பதில்: உங்கள் மனம் ஒப்பாததே முதல் பாதுகாப்பு. உங்களுக்குச் சொல்ல வேண்டிய வாதம் உங்கள் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் நாம் என்ன செய்கிறோம்? பாலாலயம் செய்கிறோம். மூலவரின் ஆற்றலைக் கலசத்துக்கு இறக்கி, வேறோர் இடத்தில் சிறிய ஆலயம் அமைத்து, அங்கே பூசை தொடர்ந்து நடக்கும்படி செய்துவிட்டுத்தான் பழைய கட்டடத்தில் உளி வைக்கிறோம். குடியிருப்பவருக்கு முதலில் இடம், பிறகு இடிப்பு என்ற ஒழுங்கு அது. கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் இரண்டு கோயில்களில் சொல்லியிருக்கிறேன். இரண்டிலும் மருந்துப் புட்டியைக் கீழே வைத்தார்கள்.

இனி செயல்முறை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவை தலைகீழாகத் தொங்கவில்லை, பல்லி போல வயிறு சுவரில் பட ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில ஆண்களின் தாடையின் கீழே கரிய முடித் திட்டு தெரிகிறது. இவை கருந்தாடிக் கல்லறை வௌவால்கள். குகையும் பழைய கட்டடமும் இவற்றுக்கு ஒன்றுதான். ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. இதை நிர்வாகத்தார் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். எலி போல இழந்ததை ஆறு மாதத்தில் ஈடுசெய்யும் உயிர் அல்ல வௌவால். சைபீரியாவில் வளையமிட்டு விடப்பட்ட ஏழு கிராம் எடைகொண்ட ஒரு வௌவால், 41 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு பிடிபட்டது. நீண்ட வாழ்நாள், சிறிய குடும்பம்: அதுதான் இவற்றின் வழி. ஒரு நாள் மருந்தில் நீங்கள் அழிப்பது பல ஆண்டுக் கூட்டத்தை.

கோபுரத்தை ஒரே மூச்சில் இடிக்காமல் அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள். இரண்டு அந்தி எண்ணுங்கள். குட்டி இருந்தால் அந்த அடுக்கைக் கடைசிக்கு விடுங்கள். புதிய கோபுரம் எழும்போது உட்கூடுகளில் ஒன்றை மட்டும், கருவறைக்கு மேலே வராத ஒன்றை, ஒரு நீள இடுக்கோடு அவற்றுக்கென விட்டுவிடச் சொல்லி ஸ்தபதியிடம் கேளுங்கள். மற்றத் திறப்புகளுக்குக் கம்பிவலை போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் எச்சம் ஓரிடத்தில் மட்டுமே விழும். கீழே ஒரு தட்டு வைத்து மாதம் ஒருமுறை எடுத்தால் பூந்தொட்டிக்கு நல்ல எருவும் ஆகும். விளக்கு மிக முக்கியம். கோபுரத்துக்கு இரவெல்லாம் ஒளி பாய்ச்சுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வௌவால் வெளியேறும் இடுக்கின்மேல் அந்த ஒளி விழுந்தால், அவை வெளியே வரவே தயங்கும். பூச்சி மிகுந்திருக்கும் அந்திப்பொழுது அவற்றுக்குக் கைநழுவிப் போகும்.

குறித்த நாளைத் தள்ளிப்போட முடியாது என்று யாராவது சொன்னால், கோபுரத்தை முதலில் தொடாமல் மண்டபத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லுங்கள். வேலை வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் பன்றிப் பண்ணைகள் உண்டு. நிபா காய்ச்சல் வந்த காலத்தில் நான் சிறுமி. வௌவால் இருக்கும் வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்க அச்சமாக இருக்கிறது. இடித்துவிடுவதுதான் நல்லது இல்லையா?
— சுங்கை பாக்காப் வாசகி

பதில்: உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது தங்கையே. அந்த ஆண்டுகளை யாரும் மறக்க முடியாது. 1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, அடுத்து நெகிரி செம்பிலானுக்குப் பரவி, 105 பேரை நம் நாட்டில் பலிகொண்டது அந்த நோய். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கிருமிக்கு அதன் பெயர் வந்ததே சுங்கை நிபா என்ற கிராமத்திலிருந்துதான்.

அந்தக் கிருமியைச் சுமப்பவை கெலுவாங் என்று மலாயில் அழைக்கப்படும் பெரிய பழந்தின்னி வௌவால்கள். விரித்தால் இறக்கை ஒன்றரை மீட்டர் வரை வரும். அவை வீட்டுக் கூரைக்குள் நுழைவதில்லை. காட்டிலும் சதுப்புநிலத்திலும் உயர்ந்த மரங்களில் தொங்குகின்றன. பன்றிக் கொட்டிலை ஒட்டிப் பழமரங்களை நட்டிருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது. 1999க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோய் வெடித்ததில்லை.

உங்கள் ஓட்டுக்கடியில் இருப்பது இருபது கிராம் எடைகொண்ட மஞ்சள் வீட்டு வௌவாலாகத்தான் இருக்கும். அது விட்டிலையும் வண்டையும் தின்று பிழைக்கிறது. ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாட்பட்ட எச்சக் குவியலில் பூஞ்சை வளரும். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் நோய் தரும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, என்95 முகமூடி போட்டு, அள்ளி எடுங்கள். உலர்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. ஒரு சேதி சொல்கிறேன்: வௌவால் வீட்டை அவசரமாக இடிக்கும்போதுதான் அந்தத் தூள் மிகுதியாகக் கிளம்புகிறது, கீழே விழுந்த குட்டியைப் பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். பார்த்து, காத்திருந்து, ஆளில்லாத கூரையைப் பிரிப்பது உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: வௌவால் வீட்டுக்குள் வந்தால் கெட்ட சகுனம் என்கிறாரே என் மாமியார்?
— பிறை வாசகி

பதில்: உங்கள் தெருவில் இருக்கும் சீனப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'. ஜார்ஜ்டவுனின் பழைய குலமண்டபங்களிலும் மாளிகைகளிலும் மரச்செதுக்கல்களை அண்ணாந்து பார்த்தால், மேகத்துக்கும் பூவுக்கும் நடுவே வௌவால்கள் சிறகு விரித்திருக்கும். ஐந்து வௌவால் சேர்ந்தால் ஐந்து பேறு. மாமியாரை ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். விளக்கை அணைத்து, சன்னலை முழுதாகத் திறந்துவிட்டால் உள்ளே வந்தது தானே போய்விடும்.

கேள்வி: என் மகள் பிரிட்டனில் கட்டடத் துறையில் படிக்கிறாள். அங்கே ஒரு பழைய கொட்டகையை இடிக்கக்கூட வௌவால் ஆய்வு கேட்கிறார்களாம். ஒரே ஒரு வௌவாலுக்காக வேலை மாதக்கணக்கில் நின்றதைக் கண்டாளாம். நமக்கு இது பொருந்துமா?
— தஞ்சோங் தோக்கோங் வாசகர்

பதில்: உங்கள் மகள் கண்டது உண்மை. அங்கே 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் எல்லா வௌவால்களையும் காக்கிறது. அவை தங்கும் இடமும் காக்கப்படுகிறது. பார்க்கப் போன அன்று ஒரு வௌவால்கூட இல்லாவிட்டாலும், திரும்பி வரும் இடம் என்பதால் அது காக்கப்பட்ட இடமே. இங்கிலாந்தில் அப்படி ஒரு தங்குமிடத்தைக் கலைக்க வேண்டுமானால் உரிமம் பெற வேண்டும். அந்தி ஆய்வுகளை மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் செய்கிறார்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்கிக் கிடப்பதே காரணம்.

இந்தக் காலக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே குளிர்கால உறக்கம் இல்லை. அங்கே கோடையில் ஒருமுறை குட்டி போடுகின்றன. இங்கே நாய்முகப் பழ வௌவால் ஆண்டில் இரண்டு முறைகூடக் குட்டி போடும். அங்கே மொத்தம் 18 வகை. தீபகற்ப மலேசியாவில் மட்டும் நூற்றுக்கும் மேல். ஆகவே 'இந்த மாதம் இடிக்கலாம், அந்த மாதம் கூடாது' என்று நாள்காட்டி பார்த்துச் சொல்ல நம் ஊரில் வழியில்லை. அந்தந்தக் கூரையை அந்தந்த நேரத்தில் நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும். நான் இரண்டு அந்தி, இரண்டு அந்தி என்று ஓயாமல் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை அதை நடத்துகிறது. கெலுவாங் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் நான் துணைக்குப் போன எந்தக் கட்டடத்துக்கும், இடிப்பு விண்ணப்பத் தாளில் வௌவாலைப் பற்றி ஒரு கேள்வி இருந்ததை நான் கண்டதில்லை. அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். அசுபெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்ப்பது போல, உயிர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அதுவரை உரிமையாளரின் நல்ல மனமே சட்டம். பெரிய கூட்டம் என்றால் பெர்ஹிலித்தானின் பினாங்கு அலுவலகத்துக்கும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைக்கும் படத்தோடு எழுதுங்கள். ஜார்ஜ்டவுன் 2008இல் உலக மரபுடைமை நகரமானது. மரபுடைமை எல்லைக்குள் உங்கள் கட்டடம் இருந்தால் ஓட்டைத் தொடுவதற்கு முன்பே மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் வாரங்களில் வௌவால் எண்ணுங்கள்.

கேள்வி: எங்கள் டுரியான் தோட்டத்தில் பழைய மரக் கொட்டகையை இடிக்கப் போகிறோம். உள்ளே வௌவால் இருக்கிறது. டுரியான் காய்ப்பதற்கு வௌவால்தான் காரணம் என்று சொல்கிறார்களே, இவற்றை விரட்டினால் காய்ப்பு குறையுமா?
— பாலிக் பூலாவ் வாசகர்

பதில்: டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, இருட்டும்போது மகரந்தம் உதிர்க்கிறது, நள்ளிரவுக்கெல்லாம் மகரந்தத் தாள்கள் கொட்டிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேன் குடிக்க வருவது குகைத்தேன் வௌவால். பெயரிலேயே இருக்கிறது, அது பெரும்பாலும் குகைவாசி. பத்துமலையில் முருகன் சன்னதிக்குப் போகும் படிகளை ஒட்டி இருட்டுக்குகை இருக்கிறதே, அங்கே அவை வாழ்கின்றன. 1970களில் அந்தக் கூட்டத்தை ஆராய்ந்தவர்கள், அவை சதுப்புநிலப் பூக்களைத் தேடி 38 கிலோமீட்டர் வரை போய் வருவதைக் கண்டார்கள். தைப்பூசத்துக்குப் படியேறும் லட்சக்கணக்கான கால்களுக்குப் பக்கத்தில், நாட்டின் டுரியானுக்கும் பெத்தாய் அவரைக்கும் உழைப்பவை பகலில் உறங்குகின்றன.

உங்கள் கொட்டகையில் இருப்பவை அவையாக இருக்க வாய்ப்பு குறைவு. பூச்சி தின்பவையோ நாய்முகப் பழ வௌவாலோ இருக்கலாம். அதனால் விரட்டினால் காய்ப்பு விழுந்துவிடும் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். டுரியானுக்கு உதவாத வௌவாலும் வாழத்தான் வேண்டும். உங்கள் கொட்டகை எளிய வேலை: ஒரு பக்கப் பலகைகளை முதலில் கழற்றிவிட்டு, வெளிச்சமும் காற்றும் உள்ளே போகும்படி இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள். குட்டி இல்லாத கூட்டம் தானே வேறிடம் தேடிக்கொள்ளும்.

கேள்வி: நான் நிபோங் திபாலில் பழைய தோட்ட லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கும் வேலையில் மேற்பார்வையாளன். வேலை நடுவே வௌவால் கண்டால் ஆட்களுக்கு என்ன உத்தரவு கொடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, இதைக் கேட்ட உங்களுக்கு என் வணக்கம். அந்தக் கூரைப் பகுதியில் உடனே கையை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றப் பகுதியில் வேலை நடக்கட்டும். எடுத்த தகரத்தையோ ஓட்டையோ மெதுவாகத் திரும்ப வைத்து நிழல் கொடுங்கள். பகலில் விரட்டினால் காக்கையும் பருந்தும் விடாது. கீழே விழுந்ததைத் தோல் கையுறையால் எடுத்து, துணி விரித்த, மூடியில் சிறு துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, அந்தியில் அதே சுவரில் உயரமாகத் திறந்து வையுங்கள். வௌவால் தரையிலிருந்து எழும்பிப் பறக்கச் சிரமப்படும், உயரம் வேண்டும். அன்று மாலை ஆட்கள் போனபிறகு அரை மணி நின்று பாருங்கள். நாம் பிறந்து வளர்ந்த லயங்கள் அவை. நம்மவர் காலி செய்து போனபிறகும் அங்கே விளக்கில்லாமல் குடித்தனம் நடத்தியவை இவை மட்டும்தான்.

தஞ்சோங் பூங்கா வாசகி ஒருவரின் தொடர் கடிதம்: சென்ற செப்டம்பரில் இவர் தன் தாய்வீட்டுக் கூரையை மாற்றப்போவதாக எழுதியிருந்தார். போய் எண்ணினேன்: 64. இரண்டாம் அந்தியில், கூட்டம் போனபின்பும் உள்ளே கீச்சொலி. ஏழு வாரம் காத்திருந்தார். குத்தகையாளருக்கு அந்த இடைவெளியில் சமையற்கட்டு வேலையைக் கொடுத்தார். வலை தொங்கவிடும் முன்பே, கிழக்குச் சுவரில் இறவாரத்தின் அடியில், சொரசொரப்பான இரண்டு பலகைகளை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அடித்து வைத்தோம். காலை வெயில் மட்டும் படும் இடம் அது. மேற்குச் சுவரில் வைத்தால் நம் பிற்பகல் வெயிலில் உள்ளே இருப்பவை வெந்துபோகும். வலை போட்ட ஆறாம் இரவில் எண்ணிக்கை 2. எட்டாம் இரவில் 0. ஓடு கழற்றியபோது ஒரு குட்டியும் சாகவில்லை. பலகைக்குள் பல மாதம் யாரும் வரவில்லை. வராமலே போவதும் உண்டு என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

போன வாரம் அவருடைய கடிதம்: "டீச்சர், பலகைக்கு அடியில் தரையில் மினுமினுக்கிற பொடி. அந்தியில் நின்று பார்த்தேன், ஏழு. நேற்று ஒன்பது. அம்மாவும் நாற்காலி போட்டு என்னோடு எண்ணினார்."

எண்ணிக்கொண்டே இருங்கள் அம்மா. வாசல் விளக்கை மட்டும் அந்தச் சுவர் பக்கமாகத் திருப்பாதீர்கள்.